நிறத்தைப் பார்த்து கிறீஸ் வாங்கலாமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறேன். எட்டு மாதத்துக்குள் இடது முன் சில்லு பெயாரிங் இரண்டு தடவை போய்விட்டது. கடையில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கிறீஸ் இருக்கிறது. எது நல்லது, ஐயா?

பதில்: தம்பி, முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். அது வெறும் சாயம். ஒரு கம்பனியின் நீலமும் இன்னொன்றின் நீலமும் ஒரே சரக்கு இல்லை.

கிறீஸில் வேலை செய்வது ஒயில். அது ஓடிவிடாமல் பஞ்சு மாதிரி பிடித்து வைத்திருப்பது ஒருவகைச் சவர்க்காரம். என்ன சவர்க்காரம் என்றுதான் கடையில் கேட்க வேண்டும். பழைய கல்சியம் கிறீஸ் தண்ணீருக்கு நன்றாக நிற்கும், ஆனால் 100 பாகைக்குக் கிட்டவே இளகிவிடும். சோடியம் கொஞ்சம் சூடு தாங்கும், தண்ணீர் பட்டால் கரையும். சாதாரண லிதியம் 180 – 200 பாகை செல்சியஸ் அளவில் உருகிச் சொட்டும். லிதியம் கொம்ப்ளெக்ஸ் 250ஐயும் தாண்டும். அதற்காக அந்தச் சூடு வரைக்கும் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். அதற்கு வெகு கீழேயே நிற்க வேண்டும்.

நம் பாதைகளில் பாரத்தோடு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் கொதிக்கும், அந்தச் சூடு ஹப்புக்குள், அதாவது பெயாரிங் இருக்கும் சில்லின் நடுப்பகுதிக்குள், போகும். அதோடு மழை. ஆகவே லிதியம் கொம்ப்ளெக்ஸ், கிறீஸின் இறுக்கத்தைக் காட்டும் எண் என்.எல்.ஜி.ஐ. 2, டின்னில் ஜி.சி-எல்.பி. என்ற குறி. ஜி.சி. என்பது சில்லு பெயாரிங்குக்கு, எல்.பி. என்பது சேசிக்கு.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், "எவ்வளவு சூட்டுக்கும் உருகாது" என்று ஒரு கடையில் தந்த கிறீஸை, ஹப்பில் இருந்த பழைய லிதியத்தின் மேலேயே அப்பிவிட்டேன். அது களிமண் சேர்த்த கிறீஸ். இரண்டும் ஒத்துப்போகாமல் கூழாகி, கிறீஸ் வெளியே வராமல் தடுக்கும் ஒயில் சீலைத் தாண்டி பிரேக் லைனரில் இறங்கிவிட்டது. கினிகத்தேனை இறக்கத்தில் லொறி ஒரு பக்கமாக இழுத்ததைச் சாரதி வந்து சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. அன்றிலிருந்து மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, துடைத்த பிறகுதான் புதுக் கிறீஸ். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அப்புறம், கழற்றிய பெயாரிங்கை வீசிவிடாதீர்கள், அதிலேயே காரணம் இருக்கும். உருளைகள் நீலம் பாரித்திருந்தால் சூடு: நட் அதிகமாக இறுகியிருக்கலாம், பிரேக் பிடித்தபடி இருக்கலாம். துருப் புள்ளிகளும் பால்நிறக் கிறீஸும் இருந்தால் தண்ணீர். அப்படியென்றால் ஒயில் சீலை மாற்றுங்கள், லொறி கழுவும்போது பைப்பை ஹப்புக்கு நேரே பிடிக்க விடாதீர்கள். ஒரே பக்கம் இரண்டு தடவை போனதால் எனக்குச் சந்தேகம் சீலிலும் நட்டிலும்தான்.

போடும்போது உள்ளங்கையில் கிறீஸை வைத்து, பெயாரிங்கின் அகன்ற பக்கத்தால் உருளைகளுக்கிடையே ஏற்றுங்கள். மறுபக்கம் பிதுங்கி வரவேண்டும். ஹப்பின் குழியை நிரப்ப வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி. அதிகமானால் கிறீஸ் கடைபட்டே சூடேறும்.

கேள்வி: கறுப்பு மொலி (மொலிப்டினம் சேர்த்த) கிறீஸை எல்லா இடத்துக்கும் போடலாமா? (வாசகர், ஹட்டன்)

பதில்: கிங் பின் (முன் சில்லு திரும்பும் அச்சு ஆணி) மாதிரி பாரத்தோடு மெதுவாக உரசும் இடத்துக்கு அருமை. சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டிலுள்ள சி.வி. ஜொயின்டுக்கும் அதுதான். சுற்றிக்கொண்டே இருக்கும் சில்லு பெயாரிங்குக்கு அது தேவையில்லை.

கேள்வி: மோட்டார் சைக்கிள் முன் டிஸ்க் பிரேக்கின் கலிப்பர் பின் இறுகிவிட்டது. வீட்டில் இருக்கும் சில்லு கிறீஸைப் பூசலாமா? (வாசகி, பண்டாரவளை)

பதில்: வேண்டாம், தங்கச்சி. சாதாரண கிறீஸின் ஒயில் அங்குள்ள ரப்பரை ஊதவைத்துவிடும், கலிப்பர் பின் முன்பைவிட இறுகும். பிரேக்குக்கென்று விற்கும் சிலிகோன் கிறீஸ் சின்னப் பைக்கற்றில் கிடைக்கும். பின்னைத் துடைத்து மெல்லிசாகப் பூசுங்கள். டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் சுத்தம் செய்து, பேட்டில் பட்டால் பேட்டை மாற்றி, பிரேக் பிடிக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிட்டு ரோட்டுக்கு எடுங்கள்.