கோதுமைக்குள் ஒளிந்திருக்கும் பூஞ்சை: கேள்வி பதில்

கேள்வி: பயிர் பச்சைப்பசேலென்று நிற்கிறது. அப்படியும் உள்ளே நோய் இருக்க முடியுமா?

தாராளமாக. செப்டோரியா இலைப்புள்ளிப் பூஞ்சை இலைத்துளை வழியாக நுழைந்து, செல்களுக்கு இடையில் சத்தமில்லாமல் வளரும். இரண்டு முதல் நான்கு வாரம் வரை வெளியே ஒன்றும் தெரியாது. குளிர் நீடித்தால் இன்னும் இழுக்கும். துரு நோய்கள் அவசரக்காரர்கள், வெப்பநிலை தோதாக இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் கொப்புளம் வந்துவிடும். ஆகவே மேல் இலையைப் பார்த்து நிம்மதியடையாதீர்கள். கீழ் இலையில் பழுப்புத் திட்டு இருந்தால் ஈரக் காகிதத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் லென்ஸில் பாருங்கள்: திட்டுக்குள் ஊசிமுனை அளவு கறுப்புப் பொட்டுகள், அவற்றிலிருந்து வெண்ணிறக் கூழாகப் பூஞ்சை வித்துகள் (ஸ்போர்கள்) கசிந்து நின்றால் அது செப்டோரியாதான். கீழே இருப்பது மழைத்துளி தெறித்து மேலே ஏறும்.

இலையை வயலின் பல இடங்களில் பறியுங்கள். வரப்போரத்தில் பறித்த நாலு இலை வயலைப் பற்றி எதுவும் சொல்லாது.

கேள்வி: நல்ல விதை என்றுதான் விதைத்தேன். கதிர் வந்தபோது மணிக்குப் பதில் கறுப்புப் பொடி. விதையிலேயே கண்டுபிடித்திருக்கலாமா?

கண்ணால் முடியாது. இது கரிப்பூட்டை. போன பருவத்தில் தாய்ச்செடி பூத்தபோதே பூஞ்சை நுழைந்து, விதையின் முளைக்கருவுக்குள் உறங்கியிருக்கிறது. மணியின் அளவு, நிறம், முளைப்பு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆய்வகத்தில் விதையைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, முளைக்கருக்களைப் பிரித்து, டிரிப்பான் நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சை இழைகள் நீலமாகத் தெரியும். நூறு மணியைப் பார்த்துவிட்டுச் சுத்தம் என்று சொன்னால் நம்பாதீர்கள், ஆயிரக்கணக்கில் பார்க்க வேண்டும். இழை உள்ளே இருப்பதால் மேலே பூசி நிற்கும் மருந்து வேலை செய்யாது. கார்பாக்சின், டெபுகோனசோல் மாதிரி உள்ளே ஊடுருவும் விதை மருந்துதான் வேண்டும்.

கேள்வி: அறுவடை செய்த மணியில் மீன் வாடை.

பன்ட் நோய், மணிக்குள் கறுப்புப் பூஞ்சைப் பொடி நிறையும் நோய். வாடை டிரைமெத்திலமைன் என்ற வேதிப்பொருளால் வருவது. ஆனால் வாடை இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது. விதையைக் கழுவி, அந்த நீரில் பூஞ்சை வித்துகளைத் தேடும் சோதனை செய்யுங்கள்.

கேள்வி: ட்ரோன் படத்தில் சிவப்பாக விழுந்த இடமெல்லாம் நோய்தானே?

இல்லை. தழைச்சத்துக் குறைவும், தேங்கிய நீரும், வேர்க் கோளாறும் அதே சிவப்பைத்தான் காட்டும்.

கேள்வி: அது சாதாரணக் கேமரா. நூற்றுக்கணக்கான அலைவரிசை பார்க்கும் கேமராக்கள் அறிகுறிக்கு முன்பே நோயைப் பிடிப்பதாக ஆய்வுகள் சொல்கின்றனவே. நீங்கள் பழைய ஆள் மாதிரிப் பேசுகிறீர்கள்.

சரி, பழைய ஆள்தான். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் விளக்கு அசையாது, இலை அசையாது, எந்த நோயை ஏற்றினோம் என்பதும் முன்பே தெரியும். வயலில் வெயில் சாயும், காற்றடிக்கும், பனித்துளி இருக்கும், இரண்டு மூன்று கோளாறுகள் ஒரே இலையில் இருக்கும்.

கேள்வி: வெப்பக் கேமராவுமா வீண்?

வீண் என்று எங்கே சொன்னேன்? நோயுற்ற இலை நீராவி விடும் அளவு மாறுவதால் அதன் சூடும் மாறும், அதைக் கேமரா பிடிக்கும். ஆனால் தாகத்தில் வாடும் இலையும் சூடாகும். மஞ்சள் துரு திட்டுத்திட்டாகத் தொடங்கும் நோய் என்பதால், எங்கே போய்க் குனிந்து பார்ப்பது என்று காட்ட ட்ரோன் நல்ல உதவி. நோயின் பெயரை இலையைக் கையில் எடுத்தபின்தான் சொல்ல முடியும்.

கேள்வி: பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்தால் இந்தச் சண்டையே வேண்டாமே?

பாதி சரி. அறிகுறி வருமுன்பே பூஞ்சையின் மரபணுவைக் காட்டிவிடும். மருந்தடித்துச் செத்த பூஞ்சையின் மரபணுவையும் காட்டும். அப்புறம், வரப்போரத்து நாலு இலையை அனுப்பினால் அந்த நாலு இலைக்குத்தான் விடை வரும்.

கேள்வி: இலை பச்சையாகத்தான் இருக்கிறது, நோய் இருக்குமா?

முதல் பதில்.

கேள்வி: செல்போன் செயலியில் போட்டோ போட்டால்?

போட்டோவில் தெரிந்தால் அது ஒளிந்திருக்கவில்லை.

கேள்வி: நெல் குலைநோய்க்கும் இதே முறைதானா?

நெல் என் துறை இல்லை. நெல் நோயியல் படித்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: கதிரில் ஃபுசேரியம் பூஞ்சை லேசாக வந்தது. மணி பார்க்க நன்றாக இருக்கிறது, மாவாக்கலாமா?

சோதிக்காமல் வேண்டாம். நன்றாகத் தெரியும் மணியிலும் டான் எனப்படும் டிஆக்சிநிவலெனால் நச்சு இருக்கலாம், ரொட்டி சுடும் சூட்டில் அது முழுதாக அழியாது. நச்சைக் காட்டும் சோதனைப் பட்டையே (டெஸ்ட் ஸ்ட்ரிப்) போதும். ஆனால் நச்சு குவியலில் ஒரே சீராகப் பரவியிருக்காது. ஒரு மூட்டையின் வாயிலிருந்து ஒரு பிடி அள்ளாதீர்கள். மேல், நடு, அடி என்று பல மூட்டைகளில் எடுத்து, கலந்து அரைத்து, அதிலிருந்து சோதியுங்கள்.

கேள்வி: இலையில் மஞ்சள் புள்ளி. என்ன நோய்?

எந்த இலை, பயிருக்கு என்ன வயது, புள்ளி வரிசையாகவா சிதறலாகவா, தடவினால் விரலில் பொடி ஒட்டுகிறதா? இதையெல்லாம் எழுதுங்கள், பார்க்கலாம்.