பாடம் தெரிந்தும் மதிப்பெண் ஏன் குறைகிறது?

கேள்வி: என் மகனுக்கு வயது 13. ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் இருப்பதாக 9 வயதில் சொன்னார்கள். ஐ.க்யூ. 112 என்று அறிக்கையில் இருக்கிறது. கோள்களையும் ராக்கெட்டையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவான். ஐந்தாம் வகுப்புவரை நன்றாகப் படித்தவன், ஏழாம் வகுப்பிலிருந்து சரிந்துகொண்டே வருகிறான். வீட்டுப்பாடம் கொடுப்பதில்லை என்று புகார் வருகிறது. தேர்வில் பாதி எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறானாம். 'புத்தி இருக்கிறது, சோம்பேறித்தனம்தான்' என்கிறார் வகுப்பாசிரியர். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததுமே கத்தி அழுகிறான். மருந்து ஏதாவது தரலாமா? பள்ளியை மாற்றலாமா?

பதில்: அவன் சோம்பேறி இல்லை. இதை முதலில் அவனிடமே சொல்லுங்கள். இரண்டு வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை, அதை நம்பத் தொடங்கியிருப்பான்.

தலையில் இருக்கும் பாடம் தாளுக்கு வந்து சேரும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. அது எந்த இடம் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. கண்டுபிடிக்காமல் டியூஷன் வைத்தால், ஏற்கெனவே தெரிந்த பாடத்தை இன்னொரு முறை கேட்பான்; மதிப்பெண் ஏறாது, களைப்புதான் ஏறும்.

அந்த 112-ஐ வைத்தே தொடங்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரவலாகப் பயன்படும் வெக்ஸ்லர் சோதனையின் ஐந்தாம் பதிப்பில் ஐந்து தனித்தனி மதிப்பெண்கள் உண்டு: சொல் புரிதல், கண்ணால் பார்த்து வடிவங்களை அறிதல், புதிய சிக்கலை யோசித்துத் தீர்த்தல், வேலை நினைவு (கேட்டதை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்வது), செயல் வேகம். எல்லாவற்றுக்கும் சராசரி 100. ஆஸ்பெர்கர் உள்ள பிள்ளைகளில் பலருக்குச் சொல் புரிதல் உச்சத்திலும் செயல் வேகம் பள்ளத்திலும் இருக்கும். 130 பெற்ற பிள்ளை நூறு பேரில் முதல் இரண்டு மூன்று பேருக்குள் வருவான். 85 பெற்றவனுக்கு முன்னால் ஏறத்தாழ 84 பேர் நிற்பார்கள். இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம். கூட்டிக் கழித்த ஒற்றை எண்ணில் இது தெரியாது. சோதனை செய்த உளவியலாளரிடம் பிரிவுவாரியான பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். 9 வயதில் எடுத்தது என்பதால் மறுபடி எடுப்பது இன்னும் நல்லது; தேர்வில் கூடுதல் நேரம் கேட்க அது ஆதாரமாக உதவும். புதிய அறிக்கையில் ஆஸ்பெர்கர் என்ற பெயர் இல்லாவிட்டால் பதற வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013-இல் அதை 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்ற பொதுப் பெயருக்குள் சேர்த்துவிட்டது.

ஏழாம் வகுப்பில் சரிவது ஏன்? சிறு வகுப்பில் கேள்விகள் 'யார், எது, எப்போது' என்று இருக்கும், நினைவாற்றலே போதும். மேல் வகுப்பில் 'ஏன், ஒப்பிடுக, உன் கருத்து என்ன' என்று மாறும். ஒரே ஆசிரியர் போய் ஆறேழு பேர் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை, ஒரு நோட்டு, ஒரு கெடு. விளையாட்டாக இருந்த இடைவேளை, அரட்டையாக மாறும். மூன்றும் ஒரே வருடத்தில் வந்து மோதுகின்றன.

இப்போது விடைத்தாள்கள். கடைசி இரண்டு தேர்வுகளின் தாள்களை எடுத்து, ஒரு ஓய்வு நாள் காலையில் அவனோடு உட்காருங்கள். திட்டுவதற்கு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுதாமல் விட்ட ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, பதிலை வாயால் சொல்லச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால், சிக்கல் எழுதுவதிலோ நேரத்திலோ இருக்கிறது. 'இதில் என்ன கேட்கிறார்கள்?' என்று விழித்தால், சிக்கல் கேள்வியின் வாசகத்தில். உண்மையிலேயே தெரியவில்லை என்றால் மட்டுமே அது பாடம்.

கையெழுத்தையும் பாருங்கள். முதல் பக்கம் படிக்கும்படி இருந்து மூன்றாம் பக்கத்தில் எழுத்து கலைந்து சாய்ந்தால், கை களைத்திருக்கிறது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். எழுத்து புடைத்துக்கொண்டு தட்டுப்பட்டால் பேனாவை அளவுக்கு மீறி அழுத்துகிறான். விரல் கணு வெளுக்கும்படி பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் யாராலும் எழுத முடியாது. இதற்கு, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உதவுவார். ஆனால் 13 வயதில் கையெழுத்தைத் திருத்துவதற்கே எல்லா நேரத்தையும் செலவிடாதீர்கள் என்பது என் கருத்து. தட்டச்சைக் கற்றுக்கொடுத்து, கணினியில் எழுத அனுமதி கேட்பது விரைவான வழி.

கேள்வி வாசகத்தில் சிக்கும் பிள்ளைக்கு வேறு மருந்து. 'தொழிற்புரட்சி மக்கள் வாழ்க்கையை எவ்வாறு மாற்றியது?' என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டால் உங்கள் மகன் மனதில் ஓடுவது: எந்த மக்கள்? எந்த நாட்டில்? எத்தனை மாற்றம் சொன்னால் போதும்? பதில் கிடைக்காததால் பேனா நகராது. பார்ப்பவருக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். அதையே 'தொழிற்புரட்சியால் நகரத் தொழிலாளர் வாழ்வில் வந்த 5 மாற்றங்களை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியமாக எழுதுக' என்று கேட்டுப் பாருங்கள், மளமளவென்று எழுதுவான். எல்லாத் தேர்விலும் கேள்வியை இப்படி மாற்றித் தர மாட்டார்கள். ஆகவே மாற்றிக்கொள்ளும் வித்தையை அவனுக்கே பழக்க வேண்டும். எண்ணிக்கை சொல்லாத கேள்வி என்றால், எத்தனை மதிப்பெண்ணோ அத்தனை கருத்து. 'கருத்து' என்று கேட்டால், ஒரு பக்கம் எடுத்து இரண்டு காரணம். பழைய வினாத்தாளில் தினம் இரண்டு கேள்வி போதும். விடை எழுதக்கூட வேண்டாம், கேள்வியை எண்ணோடு திருப்பி எழுதினால் போதும்.

நேரத்துக்கும் இப்படியே ஒரு கணக்குக் கொடுங்கள். 3 மணி நேரம், 100 மதிப்பெண் என்றால் மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். 5 மதிப்பெண் கேள்விக்கு ஏழரை நிமிடம். மீதி 30 நிமிடம் படித்துப் பார்க்க. ஏழரை நிமிடம் ஆனதும் முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும் நான்கு வரி இடம் விட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பிடித்த கேள்விக்கு நான்கு பக்கம் எழுதிவிட்டு மற்றதை விடுவது இந்தப் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்ப்பது. 'சீக்கிரம் எழுது' என்றால் புரியாது, எண் புரியும்.

வீட்டுப்பாடம் நமக்கு ஒரு வேலை, அவனுக்கு எட்டு. ஆசிரியர் சொல்வதைக் கேட்க வேண்டும், குறித்துக்கொள்ள வேண்டும், சரியான புத்தகத்தைப் பையில் போட வேண்டும், மாலையில் ஞாபகம் வர வேண்டும், தொடங்க வேண்டும், முடிக்க வேண்டும், திரும்பப் பையில் வைக்க வேண்டும், மறுநாள் எடுத்துக் கொடுக்க வேண்டும். இன்று அவன் பையைத் துழாவிப் பாருங்கள். முடித்த வீட்டுப்பாடமே அடியில் கசங்கிக் கிடக்க வாய்ப்பு அதிகம். ஆசிரியர் 'கொடுங்கள்' என்று அவன் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை, அவனும் கொடுக்கவில்லை; அவ்வளவுதான். இரண்டு வாரம் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுகிறது என்று குறியுங்கள். முடித்ததையெல்லாம் வைக்க ஒரே நிறத்தில் ஒரே உறை, காலை முதல் மணிக்கு அதை அப்படியே ஒருவரிடம் ஒப்படைப்பது என்ற ஏற்பாடு பல வீடுகளில் பலன் தருகிறது. பாடத்துக்கு ஒரு நிறம் என்று ஏழு உறை வாங்கினால் அதுவே எட்டாவது சிக்கலாகிவிடும்.

மாலை அழுகை எனக்கு மதிப்பெண்ணைவிட முக்கியமாகப் படுகிறது. பகல் முழுவதும் பெஞ்சு இழுக்கும் சத்தம், விளக்கின் சிமிட்டல், மணி, நெரிசல் இவற்றைத் தாங்கிக்கொண்டு, மற்றவர்களைப் போல இருக்க முயன்று, அடக்கி வைத்ததை வீட்டு வாசலில் கொட்டுகிறான். வந்ததும் 30 முதல் 45 நிமிடம் எதுவும் கேட்காதீர்கள். 'இன்றைக்கு எப்படி இருந்தது?' என்பதுகூட வேண்டாம். அந்த நேரம் ராக்கெட்டுக்கு. அதைப் பிடுங்கித் தண்டிப்பதையும் நிறுத்துங்கள். அவனுக்கு மூச்சு வாங்க இருக்கும் இடம் அது.

கேலிக்கும் அடிக்கும் உள்ளாகிறானா என்றும் பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் சிக்குகிறார்கள். கேலியை நட்பென்று எடுத்துக்கொள்வதும் உண்டு. 'யாராவது தொந்தரவு செய்கிறார்களா?' என்றால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். பள்ளியின் வரைபடத்தை வரையச் சொல்லி, பிடித்த இடத்தைப் பச்சையாலும், போக விரும்பாத இடத்தைச் சிவப்பாலும் தீட்டச் சொல்லுங்கள். கழிப்பறை சிவப்பானால் காரணம் கேளுங்கள்.

மருந்து: ஆஸ்பெர்கருக்கென்று மருந்து கிடையாது, மதிப்பெண் கூட்டவும் கிடையாது. கூடவே வருபவற்றுக்கு உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குப் பதற்ற நோய் ஏதாவது ஒன்று இருக்கிறது. கவனக்குறைவு நோயான ஏ.டி.எச்.டி.யும் நிறையப் பேருக்கு உண்டு. ஏ.டி.எச்.டி. உறுதியானால் மெதில்பெனிடேட் போன்ற மருந்தை மருத்துவர் யோசிப்பார். பதற்றத்துக்கு முதலில், ஆட்டிசத்துக்கு ஏற்றபடி மாற்றியமைத்த, உளவியலாளர் பேசிப் பழக்கும் சிகிச்சை. கத்துவதை அடக்க ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்து வேண்டும் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். உடல் எடை ஏறும், அழுகைக்கான காரணம் அப்படியே இருக்கும். கண், காது, தூக்கம் மூன்றையும் சோதித்துவிடுங்கள். எழுதும்போது சில விநாடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல், பிறகு நடந்ததே தெரியாமல் தொடர்கிறான் என்றால் வலிப்பு நோயின் ஒரு வகையாக இருக்கலாம், மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. சோதனை எடுக்க வேண்டும். 'வாழப் பிடிக்கவில்லை' என்ற பொருளில் ஏதாவது சொன்னால், பேச்சுக்குச் சொல்கிறான் என்று விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பள்ளியை மாற்றும் முன் இந்தப் பள்ளியிடம் மூன்றே மூன்று கேளுங்கள், எழுத்தில். வீட்டுப்பாடம் வாய்மொழியாக அல்லாமல் எழுதித் தரப்பட வேண்டும். தேர்வுக்கு 25 விழுக்காடு கூடுதல் நேரமும் ஆள் நடமாட்டமில்லாத அறையும். தாங்க முடியாதபோது காரணம் சொல்லாமல் எழுந்து போக ஓர் அட்டை, போய் உட்கார ஓர் இடம், அங்கே அவனுக்குத் தெரிந்த ஒரு பெரியவர். பத்து கேட்டால் எதுவும் நடக்காது. ஒரு பருவம் பொறுத்து மீண்டும் விடைத்தாள்களை எடுத்துப் பாருங்கள்.

மூன்றையும் மறுத்து, மறுபடி 'சோம்பேறி' என்றே சொன்னால் மாற்றுங்கள். அடி விழுகிறது, பள்ளி கண்டுகொள்ளவில்லை என்றால் காத்திருக்கவே வேண்டாம். மற்றபடி கல்வியாண்டின் நடுவில் மாற்றாதீர்கள். புதிய பள்ளியைப் பார்க்கப் போகும்போது வகுப்பறையைவிட இடைவேளையில் அதிக நேரம் நில்லுங்கள்; தனியாக நிற்கும் பிள்ளையை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று தெரியும். சேர்த்த பின், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், ஆளில்லாத நேரத்தில் வாசலிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து கழிப்பறைக்கும் அந்த அமைதியான அறைக்கும் அவன் இரண்டு மூன்று முறை நடந்து பழகட்டும்.