ஹாமான் வந்ததும் ககாவுக்கு என்ன ஆனது?

2005 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதியாட்டத்தை முழுசாகப் பார்த்தும், 3-0 பின்தங்கிய லிவர்பூலை, ஒரு கோல்கூட அடிக்காத நடுக்கள வீரர் ஹாமான் எப்படி மாற்றினார் என்று புரியவில்லை என்கிறீர்கள். மறுபடி பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு மிலானின் ககாவை மட்டும் பாருங்கள். முதல் பாதியில் லிவர்பூல் நடுக்கள வீரர் அலோன்சோவுக்கும் அவர்களது தடுப்பு வரிசைக்கும் நடுவே அவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது, ககா அங்கே பந்தை வாங்கி, திரும்பி, நிமிர்ந்து பார்த்து ஆற அமர பாஸ் கொடுக்கிறார். கிரெஸ்போவின் இரண்டாவது கோலுக்குப் போன பாஸ், மிலானைப் பிடிக்காத நானே சொல்கிறேன், அப்படி ஒரு அழகு.

இடைவேளையில் தடுப்பாட்டக்காரர் ஃபின்னன் போய் ஹாமான் வந்தார், தடுப்பு வரிசையில் மூன்று பேர். அந்த ஓட்டையில் அவர் நின்றுகொண்டார், அவ்வளவுதான். லிவர்பூல் கேப்டன் ஜெரார்டு பின்பக்கக் கவலை இல்லாமல் மேலே போக முடிந்தது. 54வது நிமிடம் அவர் தலையால் முட்டியதில் தொடங்கி ஆறே நிமிடத்தில் 3-3.

அதிர்ஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது கோலில், அலோன்சோவின் பெனால்டியை மிலான் கோல்கீப்பர் டீடா தடுத்தும் பந்து அலோன்சோவுக்கே திரும்பி வந்தது. கூடுதல் நேரத்தில் மிலானின் ஷெவ்சென்கோவை லிவர்பூல் கோல்கீப்பர் டூடெக் அடுத்தடுத்து இரண்டு முறை தடுத்தாரே, அதற்கு எந்த வியூகமும் காரணமில்லை.

அப்புறம் இன்னொன்று: மிலானின் மாற்று வீரர் செர்ஜின்யோ இறங்கிய பிறகு ஜெரார்டு எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். வலது ஓரத்தில், செர்ஜின்யோவைப் பிடிக்க. ஹைலைட்ஸில் இதெல்லாம் வராது.