ரொமானி மக்களுக்கும் ருமேனியாவுக்கும் பெயர் ஒன்றுபோல் இருப்பது ஏன்?

"ரொமானி என்றால் ருமேனியாவிலிருந்து வந்தவர்கள் என்றுதானே பொருள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ரொமானிகள் என்போர் ஐரோப்பாவில் ‘ஜிப்சிகள்’ என்று அழைக்கப்பட்டுவந்த இனத்தார். இரண்டு பெயர்களுக்கும் வேர் வேறு. ரோமாபுரி ஆட்சியை நாம் ‘ரோமானியப் பேரரசு’ என்று படித்துவிட்டதால் தமிழில் மூன்றாவதாக ஒரு குழப்பமும் சேர்ந்துவிட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை; செய்தித்தாள்களே மாற்றி மாற்றித்தான் எழுதுகின்றன.

அவர்கள் மொழியான ரொமானியில் ‘ரொம்’ என்றால் அந்த இனத்து ஆண், கணவன். பன்மை ‘ரொமா’. ‘ரொமானி’ அதன் பெண்பால் பெயரடை. ‘ச்சிப்’ (நாக்கு, மொழி) பெண்பால் சொல் என்பதால் ‘ரொமானி ச்சிப்’. இந்த ‘ரொம்’ வட இந்தியச் சாதிப் பெயரான ‘டோம்’ என்பதே பெரும்பாலான மொழியியலாளர் முடிவு. சொல் முதலில் வரும் ‘ட’ ரொமானியில் ‘ர’ ஆகும்: இந்தியில் மரக்கரண்டிக்கு ‘டோயி’, ரொமானியில் கரண்டி ‘ரொய்’.

பைசாந்தியக் கிரேக்கர்கள் தங்களை ‘ரொமாயோய்’ (ரோமானியர்) என்றார்களே, அங்கிருந்து வந்திருக்கக் கூடாதா என்று சிலர் வாதிடுவார்கள். அப்படியானால் மத்திய கிழக்கில் ‘தோம்’, ஆர்மீனியாவில் ‘லொம்’ என்று உறவினக் குழுக்கள் இருப்பதற்கு விளக்கம் இல்லை. ஒரே ‘ட’ தான் மூன்று வழியாகப் பிரிந்திருக்கிறது. கிரேக்கத் தடம் வேறிடத்தில் இருக்கிறது. பத்து வரை எண்ணிப் பாருங்கள்: யேக், துய், திரின், ஷ்தார், பாஞ்ஜ், ஷோவ், எஃப்தா, ஒஹ்தோ, எஞா, தெஷ். ஆறு வரையும் பத்தும் இந்தியச் சொற்கள். ஏழு, எட்டு, ஒன்பது கிரேக்கம். தண்ணீர் ‘பானி’தான், மூக்கு ‘நாக்’தான். ருமேனிய மொழியில் எண்ணினால் ‘உனு, தொய், த்ரேய்’ என்று லத்தீன் வரும்.

ருமேனியர் பெயரோ லத்தீன் ‘ரோமானுஸ்’ (ரோமானியன்) என்பதிலிருந்து வந்தது. அழுத்தம் பெற்ற ‘ஆ’ ‘ன்’ முன் வந்தால் ருமேனிய மொழியில் வேறோர் உயிராக மாறும். ‘காசு’ என்பதன் கடைசிக் குற்றியலுகரத்தைச் சற்று அழுத்திச் சொன்னால் அது கிடைக்கும். லத்தீன் ‘பானிஸ்’ (ரொட்டி) ‘புய்னெ’ ஆயிற்று. ‘ரோமானுஸ்’ ‘ருமுன்’ ஆயிற்று. 1521ஆம் ஆண்டு நியாக்ஷு கடிதத்திலேயே, காலம் தெரிந்தவற்றுள் மிகப் பழைய ருமேனிய எழுத்தில், இந்த வடிவம் இருக்கிறது. ஆனால் இன்றைய ருமேனியாவின் தென்பகுதியான வலாக்கியாவில் ‘ருமுன்’ என்றால் பண்ணையடிமை என்ற பொருளும் ஏறிவிட்டது. அந்தப் பண்ணையடிமை முறை 1746இல் ஒழிந்தது. படித்தவர்கள் லத்தீனை நினைவூட்டும்படி ‘ரொமுன்’ என்று ‘ஒ’ போட்டு நிலைநிறுத்தினார்கள். ஆக, பெயர்கள் இவ்வளவு நெருங்கி வந்ததில் இந்தத் திருத்தத்துக்கும் பங்குண்டு.

மொழிகளுக்குள் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. வலாக்கியாவிலும் அதன் வடகிழக்கே இருந்த மொல்தாவியாவிலும் பல நூற்றாண்டு இருந்த ரொமாக்களின் பேச்சில் உலகத்துக்கு ‘லும்யா’ என்ற ருமேனியச் சொல் வழங்குகிறது. அந்த நூற்றாண்டுகளில் அவர்கள் அங்கே அடிமைகள். மடங்களும் பிரபுக்களும் அரசும் அவர்களை விற்றன, வாங்கின. சட்டப்படி விடுதலை மொல்தாவியாவில் 1855, வலாக்கியாவில் 1856. ரொமாக்கள் ருமேனியாவின் பெயரைத் திருடிக்கொண்டார்கள் என்பதுபோல் பேசுபவர்கள்மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். 1995இல் ருமேனிய வெளியுறவு அமைச்சகமே, நாட்டின் பெயரோடு குழம்புகிறது என்று ‘ரொம்’ வேண்டாம், ‘சிகான்’ என்று எழுதுங்கள் எனப் பரிந்துரைத்தது. ‘சிகான்’ அடிமைக் காலத்தில் ‘அடிமை’ என்றே வழங்கிய சொல். ருமேனியாவில் பல ரொமாக்கள் இரண்டு ‘ர்’ போட்டுத் தங்கள் பெயரை எழுதுகிறார்கள்.