ஒன்றாகவே வளர்ந்த ஜெர்பில்கள் திடீரென்று கடித்துக்கொள்கின்றன, என்ன செய்வது?

எட்டு மாதமாக ஒரே கூண்டில் இருந்த இரண்டு பெண் ஜெர்பில்கள் (எலி மாதிரியான சின்ன வளர்ப்புப் பிராணிகள்) நேற்றிலிருந்து துரத்திக் கடிக்கின்றன, ஒன்றின் வாலடியில் இரத்தம் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் இரண்டையும் பிரித்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். இரத்தம் பார்த்த பிறகு ஒரு இரவுகூட அவற்றை ஒன்றாக விடக் கூடாது. வெறுங்கையை இடையில் நீட்டாதீர்கள், உங்களையும் சேர்த்துக் கடித்துவிடும். தோட்ட வேலைக்குப் போடும் கனமான கையுறை இருந்தால் நல்லது. இல்லையென்றால் நடுவில் ஒரு அட்டையைச் செருகி, ஒன்றின் மேல் டப்பாவைக் கவிழ்த்து எடுங்கள். அவசரத்தில் வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். வால் தோல் உறை மாதிரி உருவிக்கொண்டு வந்துவிடும், திரும்ப வளராது.

இங்கிலாந்தில் இருந்தபோது மகளுக்காக ஒரே ஈற்றில் பிறந்த மூன்று பெண் குட்டிகளை வாங்கினோம். மிளகு, கடுகு, எள்ளு என்று பெயர் வைத்தாள். பத்து மாதம் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து தூங்கின. அப்புறம் ஒரு வாரமாகக் கடுகு மட்டும் கூட்டுக்கு வெளியே, தண்ணீர்ப் புட்டிக்குக் கீழே படுத்தாள். மிளகு போகிற இடமெல்லாம் வயிற்றைத் தரையில் தேய்த்தாள். சாப்பாட்டுப் பக்கம் கடுகு வந்தால் பக்கவாட்டில் இடித்துத் தள்ளினாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை தொட்டியை முழுக்கக் காலி செய்து, சோப்புப் போட்டுக் கழுவி, எல்லாவற்றையும் புதிதாகப் பரப்பினேன். இரண்டாம் நாள் இரவு சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தால் மிளகும் கடுகும் பந்து மாதிரி சுருண்டு உருண்டுகொண்டிருந்தார்கள்.

ஜெர்பிலுக்கு உறவு என்பது வாசனைதான். வயிற்றின் நடுவே முடியில்லாத ஒரு கோடு மாதிரி இருக்கும் பாருங்கள், அது வாசனைச் சுரப்பி. அதைத் தேய்த்துத்தான் இது எங்கள் இடம் என்று குறி வைக்கும். கூட்டில் எல்லோர் மேலும் ஒரே வாசனை கலந்திருக்கும் வரை அமைதி. நான் கழுவித் தள்ளியது அந்த வாசனையைத்தான். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த குடும்பம் அதில் உடைந்தது.

நாம் வீட்டில் வளர்ப்பது மங்கோலியா, வடசீனா புல்வெளிகளைச் சேர்ந்த இனம். அங்கே ஒரு வளைக்குள் ஒரு குடும்பம் இருக்கும், பெரும்பாலும் ஒரு பெண்தான் குட்டி போடும். வளர்ந்த இன்னொரு பெண் அந்த இடத்துக்குப் போட்டியாக வந்தால் துரத்தல் தொடங்கும். தோற்றது புல்வெளியில் எங்காவது ஓடித் தப்பிக்கலாம். மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் அது எங்கே ஓடும்? அதனால்தான், பழகிவிடும், விடு என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. தோற்றது வெளியேறும் வரை ஜெயித்தது விடாது. வெளியேற வழியில்லாவிட்டால் கடித்துக் கொன்றும்விடலாம்.

எல்லாச் சண்டையும் இப்படி இல்லை. பின்னங்காலில் நின்று கையால் குத்திக்கொள்வது, மேலே ஏறிக் குதிப்பது, விதையைப் பிடுங்குவது எல்லாம் குட்டிகள் தினமும் செய்வதுதான். முடிந்ததும் ஒன்றையொன்று நக்கிக்கொடுத்துச் சேர்ந்து தூங்கினால் கவலை வேண்டாம். முடி சிலிர்த்து, முதுகை வளைத்து, பல்லை நறநறத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தால் அது வேறு விஷயம்.

நான் செய்த பெரிய தவறு மறுநாள் காலை நடந்தது. பிரித்து வைத்த பிறகு இரவு முழுக்க அமைதியாக இருந்தார்களே என்று மூன்றையும் திரும்ப ஒன்றாக விட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, கடுகுக்குப் பிட்டத்தில் ஆழமாகக் கடி. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துடைத்தேன், மேலே ஆறின மாதிரி தெரிந்தது, உள்ளே சீழ் கட்டிவிட்டது. மருத்துவர் சீழை எடுத்து மருந்து கொடுத்தார். உங்கள் ஜெர்பிலின் காயமும் சிறியதாகத் தெரிந்தாலும் காட்டிவிடுங்கள். சீழ் வைத்த பிறகு போனால் அந்தச் சின்ன உடம்புக்கு அது பெரிய பாடு.

கடுகை ஒரு வாரம் தனியாக வைத்துத் திரும்பக் கொண்டுவந்தால், அவளோடு ஒருநாளும் சண்டை போடாத எள்ளுவுக்கே அடையாளம் தெரியவில்லை. சிலிர்த்துக்கொண்டு நின்றாள். அதனால் எள்ளுவையும் கடுகையும் புதியவர்கள் மாதிரிதான் சேர்க்க வேண்டியிருந்தது.

சேர்க்கிற முறை இதுதான். தொட்டியின் நடுவில், எங்கும் இடைவெளி இல்லாமல் ஒரு சிறுகண் கம்பி வலையை வையுங்கள். கண் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மூக்கை நுழைத்துக் கடிபடும். அடியில் தோண்டிப் போகாமல் வலை தரை வரை இறங்கியிருக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது ஜெர்பில்களை மட்டும் பக்கம் மாற்றுங்கள், கீழே பரப்பியதை மாற்றாதீர்கள். ஒன்றின் படுக்கையில் இன்னொன்று தூங்கித் தூங்கி வாசனை கலக்கும். முதல் வாரம் எள்ளு வலையைக் கடித்துக்கொண்டே இருந்தாள். பத்தாம் நாளுக்கு மேல்தான் இரண்டு பேரும் வலையின் இரு பக்கமும் ஒட்டிக் கூடு கட்டினார்கள்.

பதினைந்தாம் நாள் ஒரு சின்னப் பெட்டியில் கையுறையோடு சேர்த்துப் பார்த்தேன். எள்ளு சிலிர்த்தாள், உடனே பிரித்துத் திரும்ப வலைக்குப் பின்னால் விட்டேன். இன்னும் பத்து நாள் போனது. அடுத்த முறை கடுகு தலையைத் தாழ்த்திக் கொடுத்தாள், எள்ளு காதைச் சுற்றி நக்க ஆரம்பித்தாள். என் மகள் அழுதுவிட்டாள். அன்று முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், இரவிலும் எழுந்து எழுந்து பார்த்தேன்.

சேர்ந்த பிறகும் சில வாரம் இடத்தைச் சிறியதாகவே வையுங்கள். பெரிய தொட்டி, மாடி வைத்த கூண்டு என்றால் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ளும். உள்ளே ஒளிந்துகொள்ள வைக்கும் சின்ன வீட்டுக்கு ஒரே வாசல் இருந்தால் வேண்டாம், ஒன்று உள்ளே உட்கார்ந்து மறிக்கும். சாப்பாட்டைக் கிண்ணத்தில் வைக்காமல் பரவலாகத் தூவுங்கள். சுத்தம் செய்யும்போது பழையதில் பாதியாவது மிச்சம் வைத்துப் புதியதோடு கலந்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் இரண்டுமே வளர்ந்த பெண்கள், இரத்தம் வரும் அளவுக்குக் கடியும் பட்டிருக்கிறது. வாய்ப்புக் குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது. வலை முறையை ஒரு தடவை பொறுமையாக முயன்று பாருங்கள். சேர்க்கும்போது மறுபடி உருண்டு சண்டை வந்தால் அதோடு நிறுத்திவிட்டுத் தனித்தனியாக வையுங்கள். மிளகை நாங்கள் யாரோடும் சேர்க்கவே இல்லை. தோண்ட ஆழமாகக் காகிதத் துகள், கடிக்க அட்டைக் குழாய், மாலையில் ஒரு மணி நேரம் மகளின் சட்டைக் கைக்குள் ஓட்டம் என்று மூன்று வயது தாண்டி இருந்தாள்.

மருத்துவர் காயத்தைப் பார்த்து என்ன சொன்னார், கூண்டு எத்தனை அடி என்று எழுதுங்கள். வலையை எப்படி நிறுத்துவது என்று சேர்ந்து யோசிக்கலாம்.