தெல்லுசன் எழுதிய உயில்

கேள்வி: எங்களுக்கு மூன்று ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. தமக்குப் பின் பச்சை இலை வருமானத்தை யாரும் தொடாமல், கொள்ளுப்பேரர் காலம் வரை வங்கியில் வட்டியோடு பெருகவிட வேண்டும் என்று உயில் எழுதத் தாத்தா விரும்புகிறார். குன்னூர் வழக்கறிஞர் ஒருவர், “தெல்லுசன் கதை தெரியுமா?” என்று கேட்டார். யார் அவர்?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: பீட்டர் தெல்லுசன் லண்டனின் பெரும் வணிக வங்கியாளர். பிரான்சில் சீர்திருத்தக் கிறித்தவர்களான ஹியூகனாட்டுகள் ஒடுக்கப்பட்டபோது ஜெனீவாவில் அடைக்கலம் புகுந்த குடும்பத்தின் வழிவந்தவர். 1735-இல் பாரிசில் பிறந்து, 1760-களில் இங்கிலாந்தில் வேரூன்றினார். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலும் அடிமை வணிகத்திலும் அவர் பணம் புரண்டது. தோட்டத் தொழிலாளரின் வியர்வையை அறிந்த நம் மலைக்காரர்கள் அதை மறந்துவிட்டு அவருடைய செல்வத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

1797-இல் அவர் இறந்தபோது, மனைவி மக்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கியது போக, ஏறத்தாழ 6 லட்சம் பவுண்டைத் தருமகர்த்தர்களிடம் விட்டிருந்தார். அப்போது உயிரோடிருந்த மகன்களும் பேரன்களும் ஒருவர் மிச்சமின்றி மறையும் வரை வருமானத்தைத் தொடாமல் நிலமாக்கிப் பெருக்க வேண்டும், அதன் பிறகே ஆண் வாரிசுகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது உயிலின் கட்டளை. கண்முன் இருந்த பிள்ளைகளைக் காக்க வைத்துவிட்டு, முகம் தெரியாதவர்களுக்குச் சேர்த்த அந்த மனம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. குடும்பம் வழக்காடியது, 1805-இல், அந்நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை உயில் செல்லும் என்றது. ஆனால் இத்தகைய குவிப்பு நாட்டின் நிலத்தையே விழுங்கிவிடும் என்று அஞ்சிய நாடாளுமன்றம், 1800-லேயே இனி எழுதப்படும் உயில்களுக்குக் கால வரம்பு விதித்திருந்தது. யார் வாரிசு என்ற வழக்கு 1859-இல்தான் முடிந்தது. அதற்குள் வழக்குச் செலவும் நிர்வாகச் செலவும் தின்றதால், எதிர்பார்த்த மலையளவு செல்வம் எவர் கைக்கும் வரவில்லை.

அதே எச்சரிக்கை நம் சட்டத்திலும் உண்டு. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 117-ஆம் பிரிவின்படி, உயில் எழுதியவர் இறந்த நாளிலிருந்து 18 ஆண்டுகளுக்கு மேல் வருமானத்தைக் குவிக்கச் சொல்லும் கட்டளை, அந்த மிகைக் காலத்தைப் பொறுத்தவரை செல்லாது. கடன் அடைப்பது, பிள்ளைகளுக்குப் பங்கு ஒதுக்குவது, சொத்தைப் பேணுவது ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. தாத்தாவின் எண்ணம் தோட்டத்தைக் காப்பதுதான் என்றால், அந்த நோக்கத்தையே வழக்கறிஞரிடம் தெளிவாகச் சொல்லி, உயிலில் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.