140-ஆம் பக்கத்தில் நின்றுவிட்டேன்

கேள்வி: எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடும் ஒரு நாவல். விருது வாங்கியது, பல பதிப்புகள் கண்டது. எனக்கு ஒட்டவே இல்லை. மூன்று தடவை எடுத்தும் 140-ஆம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. வாசிப்புக் குழுவில் சொன்னபோது, "இதைக்கூட ரசிக்கத் தெரியலையா?" என்று சிரித்தார்கள். அந்த எரிச்சலில், "வெறும் பில்டப், உள்ளே ஒண்ணுமே இல்லை" என்று சொல்லிவிட்டேன். (இத்தனைக்கும் என்னிடம் இருப்பது அப்பா கொடுத்த பிரதி, நிறையப் பென்சில் கோடு போட்டு வைத்திருப்பார். அவரிடம் படித்துவிட்டேன், அருமை என்று சொல்லியாகிவிட்டது. போனில் அந்தப் பேச்சை எடுத்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். அது வேறு விஷயம்.) என் ரசனையில்தான் கோளாறா?
- 34 வயது வாசகி

பதில்:

மகளே,

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. புத்தகம் மாறும், எழுதியவர் மாறுவார், கடைசி வரி மட்டும் மாறாது: என்னிடம்தான் குறையா? "உன் ரசனை உன்னோடது, கவலைப்படாதே" என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். எழுதப் போவதில்லை. நீ கேட்டதற்குப் பதில் சுருக்கமாக முடிந்துவிடும். அடைப்புக்குறிக்குள் போட்டு, "அது வேறு விஷயம்" என்று தள்ளிவிட்டுப் போனாயே, அதைத்தான் என்னால் தள்ள முடியவில்லை.

முதலில் ரசனை. டால்ஸ்டாய்க்கு ஷேக்ஸ்பியரைப் பிடிக்கவில்லை. 1906-ல் வெளிவந்த ஒரு நீண்ட கட்டுரையில் அதைப் பகிரங்கமாகவே எழுதினார். உலகமே கொண்டாடும் ஒருவர் தனக்கு மட்டும் ஏன் சலிக்கிறார் என்ற குழப்பம் அவரையும் வருஷக்கணக்காகப் படுத்தியிருக்கிறது. அதற்கு அவர் என்ன செய்தார் என்று கேள். ரஷ்ய மொழியில் படித்தார், ஆங்கிலத்தில் படித்தார், ஜெர்மனில் படித்தார். 75 வயதில், கடைசியாக ஒரு தடவை தன்னைச் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று நாடகங்கள் அத்தனையையும் திரும்பப் படித்தார். அதற்குப் பிறகுதான் எழுதினார். அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை, ஆனால் சொல்வதற்கு அவருக்குப் பாத்தியதை இருந்தது. நீ 140-ஆம் பக்கத்தில் நின்றவள். "எனக்கு ஒட்டலை, பாதியில வெச்சுட்டேன்" என்பது உண்மை. யாரிடமும் தலைநிமிர்ந்து சொல்லலாம். "உள்ளே ஒண்ணுமே இல்லை" என்பது நீ உள்ளே போகாமல் சொன்னது. அடுத்த தடவை முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். குழுவைப் பற்றி இவ்வளவு போதும்.

இப்போது அப்பாவிடம் வா.

நாலு பேர் நடுவில் உட்கார்ந்து பிடிக்கவில்லை என்று சொல்ல உனக்குத் துணிச்சல் இருந்தது. உன்னைத் தூக்கி வளர்த்தவரிடம் சொல்ல இல்லை. அவர் மனசு நோகக் கூடாது என்றுதான் என்பாய். எத்தனை பிள்ளைகள் எனக்கு இப்படி எழுதிவிட்டார்கள்! நோகாமல் தப்பித்தது யார், அவரா நீயா? "அருமைப்பா" என்ற ஒரு சொல்லில் ஒரு முழுப் பேச்சின் சிரமம் உனக்கு மிச்சமாகிவிட்டது. பெற்றவர்களிடம் சொல்லும் பொய்யை மரியாதை என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அந்தப் பிரதியை எடுத்துக் கோடுகளைப் பார். சில இடத்தில் வரிக்கு அடியில் லேசாக ஓடியிருக்கும். சில இடத்தில் ஓரத்தில் மேலிருந்து கீழாக, இரண்டு தடவை போயிருக்கும். அழுத்திப் போட்ட இடமாக இருந்தால் தாளைத் திருப்பி விரலால் தடவு, மேடு தட்டும். ஒரு மனுஷன் தனியாக உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம்கூடச் சொல்லாமல், இது என்னைத் தொட்டது என்று குறித்து வைத்த இடங்கள் அவை. அப்பாக்களில் பாதிப் பேருக்கு மனசைத் திறந்து பேச வராது. உன் அப்பா பேச வராததை உன் கையில் கொடுத்திருக்கிறார். மகளும் அதற்குள் வந்துவிட்டாள் என்று நம்பித்தான் போனில் ஆரம்பிக்கிறார். அங்கே அவர் மட்டும்தான் இருக்கிறார்.

ஒருவேளை அவருக்குத் தெரிந்தும் இருக்கும். அந்த நாவலைக் கரைத்துக் குடித்தவருக்கு, படித்தவள் பேச்சுக்கும் சமாளிக்கிறவள் பேச்சுக்கும் வித்தியாசம் தெரியாதா? தெரிந்தும் உன்னைக் கூனிக் குறுக வைக்க மனசில்லாமல் விட்டுவிடுகிறாரோ என்னவோ. அதை நினைத்தால் எனக்கு உன் மேல் கோபம்தான் வருகிறது.

என் அண்ணாவுக்கு உயிரான ஒரு நாவல் இருந்தது. கதாநாயகன் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு ஞானம் தேடிப் போவான். முழுக்கப் படித்துவிட்டு, "வீட்டை நட்டாத்துல விட்டவன்கிட்ட எனக்குக் கத்துக்க எதுவுமில்லை" என்றேன். அண்ணாவின் முகம் சிறுத்துப்போனது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் புத்தகத்தோடு வந்து, ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டி, "இதைப் படிச்சுட்டுமா அப்படிச் சொல்றே?" என்றார். அன்று ஆரம்பித்த சண்டை முப்பது வருஷம் ஓடியது. அந்தச் சண்டைக்கு நடுவில்தான், தானும் ஒரு ராத்திரி வீட்டை விட்டுப் போக நினைத்ததையும், தூங்கிக்கொண்டிருந்த குழந்தை புரண்டு படுத்ததைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றியதையும் சொன்னார். "நல்லா இருக்கு அண்ணா" என்று நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால் இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அவர் போன பிறகு அந்த நாவலை இன்னொரு தடவை படித்தேன். இன்றைக்கும் பிடிக்கவில்லை.

இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு சொல்வது என்று கூச்சப்படாதே. 1912-ல் பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் தன் நாவலின் முதல் பாகத்தைக் கொடுத்தபோது, இன்னொரு பிரெஞ்சு எழுத்தாளரான ஆந்த்ரே ழீத் இருந்த பதிப்பகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. ழீத் அதைச் சரியாகப் படிக்கவே இல்லை. அடுத்த வருஷம் வேறொரு பதிப்பகத்தில் ப்ரூஸ்ட் தன் கைக்காசைப் போட்டு அச்சிட்டார். 1914 ஜனவரியில், தான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று ழீத் அவருக்கே கடிதம் எழுதினார். உறவு முறிந்துவிடவில்லை, இரண்டாம் பாகம் 1919-ல் ழீத்தின் பதிப்பகத்திலிருந்தே வந்தது. முன்னணி எழுத்தாளர் ஒருவருக்கே அது முடிந்திருக்கிறது, மகளுக்கு அப்பாவிடம் முடியாதா?

மருந்து மாத்திரை வாங்கிக் கொடுப்பாய், உடம்புக்கு முடியவில்லை என்றால் ஓடிப்போய் நிற்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் பேசும்போது எதிரில் நிஜமாக இருப்பதும் நீ அவருக்குச் செய்ய வேண்டியதில் சேர்த்திதான்.

இன்று ராத்திரியே போன் போடு. "140-ஆம் பக்கத்துக்கு மேல போகலைப்பா. படிச்சுட்டேன்னு சொன்னது பொய்" என்று சொல். ஏன் ஒட்டவில்லை என்று கேட்டால் மழுப்பாமல் காரணத்தைச் சொல். கோபப்பட்டால் வாங்கிக்கொள். பிறகு, நீ இன்னும் போகாத பக்கங்களில் ரொம்ப அழுத்தி விழுந்திருக்கும் கோட்டைத் தேடி, அந்த வரிகளை அவருக்கு வாசித்துக் காட்டு. "இங்க ஏன்ப்பா கோடு போட்டீங்க?" என்று கேள். கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இரு.